எஞ்சினைப் பூட்டியாச்சு

பயப்படாதீங்க அக்கா, அது ஆள் இல்லை. எஞ்சின்.

பூப்போட்ட நைட்டி சுற்றியிருப்பதால் அப்படித் தெரிகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் கை இல்லை, பலகை. நீங்க தாராளமாக இந்தப் பக்கம் உட்காரலாம். ஜன்னலோரம்தான் வேண்டுமென்றால் மன்னிக்கணும், அது எஞ்சினுடைய சீட். சும்மா சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் ஏறும்போதே கண்டக்டர், "இதுக்கு லக்கேஜ் போடுறதா, ஆள் டிக்கெட் போடுறதா?" என்று குழம்பினார். "ஆள் டிக்கெட்டே போடுங்கண்ணே, ஆனா ஆளுக்குள்ள உரிமை எல்லாம் அதுக்கும் உண்டு" என்றேன். போட்டுவிட்டார். ஆகவே அது ஒரு பயணி. முன்சீட்டுப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்து, "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா பாப்பா?" என்று ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். இந்தாங்க, நீங்க வைத்துக்கொள்ளுங்க. பெட்ரோலை வடித்தாயிற்று, வாடைதான் போகவில்லை.

மதுரைக்கா? நல்லதாகப் போயிற்று. காலையிலிருந்து நடுநிலையான ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊரில் ஒருத்தருக்கும் நடுநிலை கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் மாமா.

நான் எம்.ஏ. மொழியியல். பெயர் சங்கமித்திரை. ஹாஸ்டலில் சங்கு என்று கூப்பிடுவார்கள், அது அவர்களுடைய சோம்பேறித்தனம். என் அறைத்தோழி பிலோமி. புதுக்குருசடி என்கிற கடலோர ஊர் அவளுக்கு. அங்கே கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் பாய்மரப் படகுப் போட்டி. கடலுக்குள்ளே ஒரு படகில் சிவப்புக் கொடி கட்டி நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பணும். படகுக்கு நான்கு பேர். காலங்காலமாக ஆண்கள்தான்.

பிலோமி நன்றாகப் படகு ஓட்டுவாள். நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். ஆனால் போட்டிக்கு மட்டும் விட மாட்டார்கள். கமிட்டித் தலைவர் இன்னாசி சம்மாட்டி. சம்மாட்டி என்றால் அங்கே படகுகளுக்குச் சொந்தக்காரர், பெரிய ஆள். "அடுத்த வருசம் பாப்போம்த்தா" என்றே அவளை மூன்று வருடம் ஓட்டிவிட்டார். இவளும் அவர் வீட்டுக்குப் போவாளாம், அவர் மனைவிக்கு மீன் அரிந்து கொடுப்பாளாம், மெதுவாகப் பேச்செடுப்பாளாம். எனக்கு ரத்தம் கொதித்தது. உரிமையைக் கேட்க ஏன் மீன் அரியணும்? நான் போய் ஒரே கேள்வி கேட்டேன். "உங்க விதியில 'படகுக்கு நாலு பேர்'னு தானே போட்டிருக்கு? பொம்பளை பேர் இல்லையா?"

அவர் சிரித்தார் அக்கா. சிரித்துவிட்டு, "இந்த வருசம் விடலாம்னுதான் நேத்தே பேசி முடிச்சோம் தாயி" என்றார். அதாவது என் கேள்வியின் பலம் முந்தின நாளே தெரிந்திருக்கிறது. பிறகு பிலோமியைப் பார்த்துச் சொன்னார்: "ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா கரைக்கு வந்துருங்க. வந்துட்டீங்கன்னா வருசா வருசம் உங்களுக்கு ஒரு படகு. ஜெயிக்கவெல்லாம் வேணாம். வந்தாப் போதும்."

பிலோமி அழுதுவிட்டாள். எனக்கு அந்த 'ஜெயிக்கவெல்லாம் வேணாம்' பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அவளோடு அவள் சித்தி மகள்கள் இரண்டு பேர். நான்காவது ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் வருகிறேன் என்றேன். "நீந்தத் தெரியுமாடி?" என்றாள். "படகு ஓட்டுறதுக்கும் நீந்துறதுக்கும் என்ன சம்பந்தம்? பஸ் ஓட்டுறவர் எல்லாம் ஓட்டப்பந்தயமா ஓடுறார்?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். வேறு ஆளும் இல்லை.

சரி, இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். கரையில் ஒரு பலகை நட்டு விதிகளை எழுதிப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை அப்படியே சொல்கிறேன், கவனமாகக் கேளுங்க: 'ஆபத்துக்கு உதவச் சிறிய எஞ்சின் ஒன்று ஒவ்வொரு படகிலும் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். போட்டியின்போது அதை இயக்கக் கூடாது.'

பூட்டப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு என்ன புரிகிறது?

பார்த்தீங்களா! பூட்டு, சாவி. உங்களுக்கே அப்படித்தானே புரிகிறது? தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் புரியும். ஆனால் அந்தக் கரையில் 'எஞ்சின் பூட்டுறது' என்றால் படகின் பின்பக்கம் மாட்டுவதாம். மாட்டுவதற்கு மாட்டுவது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே?

மற்ற படகெல்லாம் பின்னாலேயே மாட்டியிருந்தார்கள், காற்றாடியைத் தண்ணீரில் படாமல் மேலே தூக்கி மடித்துக்கொண்டு. எங்கள் படகு சின்னது. நாங்களும் எடை குறைவு. பின்னால் அந்தக் கனம் இருந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும் என்றாள் பிலோமி. அதனால் சம்மாட்டியிடம் தனியாகக் கேட்டு, உள்ளேயே படுக்க வைத்துக் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். நடுவில் குறுக்குப் பலகை ஒன்று உண்டு. அதன் ஓரமாகப் பழைய வலையை மெத்தை மாதிரி மடித்துப் போட்டு, அதன்மேல் எஞ்சினைப் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தி, கயிறு போட்டாள். "கைப்பிடி மேல பாத்தாப்புலதான் படுக்கணும் சங்கு. மாத்திப் படுத்துச்சுன்னா ஆயில் ஏறக் கூடாத எடத்துல ஏறி அடைச்சுக்கும். இது டார்வினோட எஞ்சின், எதுவும் ஆச்சுன்னா என்னையத் தொலைச்சிருவான்." டார்வின் அவள் அண்ணன். இதில்தான் நண்டு வலைக்குப் போகிறான்.

அந்த முடிச்சைப் பார்த்தேன். ஒரு நுனியை இழுத்தாள், மொத்தமும் அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள்.

"இதுவா பாதுகாப்பு? ஒரு இழுப்புல அவுந்துருதே!"

"அவுக்கத்தானடி கட்டுறோம்" என்றாள்.

இந்த வாக்கியத்தை நீங்க யோசித்துப் பாருங்க. அவிழ்ப்பதற்காகக் கட்டுகிறார்களாம். விளக்கம் கேட்டேன். போகும்போது காற்று வலப்பக்கம், அதனால் எஞ்சின் வலப்பக்கம் கனம் கொடுக்கணுமாம். கொடியைச் சுற்றித் திரும்பும்போது காற்று இடப்பக்கம் வரும், அப்போது கயிற்றை இழுத்து எஞ்சினை இடப்பக்கம் நகர்த்தணுமாம். சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டாள். சித்தி மகள்களும் போய்விட்டார்கள். "படகைப் பாத்துக்க, ஒண்ணையும் தொடாத" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. மூன்று வருடக் கனவு அவளுக்கு. கமிட்டிக்காரர் வந்து அந்த ஓட்டை முடிச்சை இழுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? விதி தெளிவாகச் சொல்கிறது, பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பஜாரில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. நல்ல கனமான சங்கிலியும், கேட்டுக்குப் போடுகிற பெரிய பூட்டும் வாங்கினேன். எஞ்சினையும் குறுக்குப் பலகையையும் சேர்த்துச் சுற்றி, வலப்பக்கமே வைத்துப் பூட்டினேன். கைப்பிடி மேலே இருந்தால் சங்கிலி எட்டவில்லை. கொஞ்சமாகப் புரட்டிப் படுக்க வைத்தேன், எட்டியது. பிறகு நானே ஏறி நின்று உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. படகே அசைந்தது, எஞ்சின் அசையவில்லை.

பூசை முடிந்து பிலோமி வருவதற்கும் கமிட்டிக்காரர்கள் சோதனைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

"எஞ்சின் பூட்டியாச்சாத்தா?" என்றார் சம்மாட்டி.

"பூட்டியாச்சு!" என்று சாவியை ஆட்டிக் காட்டினேன்.

கரை முழுக்கச் சிரித்தது. ஐஸ் விற்கிறவர்கூடச் சிரித்தார். பிலோமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சங்கிலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சங்கிலியைப் பார்த்தாள். "சங்கு, தொற" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்போது திறந்திருக்கலாம். ஆனால் சம்மாட்டி விடவில்லையே! அவர் கேட்டார்:

"ஏம் பாப்பா, மாடு பூட்டுன வண்டின்னா மாட்டைப் பீரோவுக்குள்ள வச்சா பூட்டுவ?"

மறுபடி சிரிப்பு. அதற்குப் பிறகு எப்படித் திறப்பது? மானப் பிரச்சினை. எனக்கு இல்லை, மொழிக்கு.

நான் நிதானமாகக் கேட்டேன். "ஐயா, வண்டியில மாட்டைப் பூட்டுறதுன்னா என்ன? ரெண்டையும் ஒண்ணா இணைக்கிறதுதானே? நான் எஞ்சினையும் படகையும் இணைச்சிருக்கேனா இல்லையா? உங்க அர்த்தத்துலயும் பூட்டியாச்சு, என் அர்த்தத்துலயும் பூட்டியாச்சு. ஒரே பூட்டு, ரெண்டு அர்த்தம். இதைவிடப் பாதுகாப்பா பூட்டுன எஞ்சின் இந்தக் கரையில எங்க இருக்கு, காட்டுங்க."

சம்மாட்டி மீசையைத் தடவினார். "சரித்தா. ஒன் பூட்டே பூட்டு" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்களா? இல்லை, நான் அப்படி அரைகுறையாக ஜெயிக்கிறவள் இல்லை. பக்கத்துப் படகில் ஒருத்தன், "சாவி கையில இருக்குல்ல, நடுக்கடல்ல தொறந்து ஓட்டிக்கிட்டு வந்துருவாளுக" என்றான். பெண்கள் ஏமாற்றுவார்கள் என்கிறான்! நேராகப் போய்ச் சாவியைச் சம்மாட்டி கையில் வைத்தேன். "எங்க நேர்மைக்கு இது ஜாமீன்" என்றேன். அவரே பதறிப்போய், "கொண்டு போ தாயி, கடல்ல எதுக்கும் வேண்டியிருக்கும்" என்றார். கொள்கை என்றால் கொள்கை. பிலோமி ஓடி வருவதற்குள் கொடி அசைத்துவிட்டார்கள். மற்ற படகெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டன. நாங்களும் இறங்க வேண்டியதாயிற்று.

போனதைச் சொல்கிறேன், கேளுங்க. அப்படி ஒரு போக்கு! காற்று வலப்பக்கம், எஞ்சின் வலப்பக்கம், படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பிலோமி சுக்கானைப் பிடித்திருந்தாள். அவள் முகம் இருந்ததே, அதை நான் ஹாஸ்டலில் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு படகாகப் பின்னால் போயிற்று. சிவப்புக் கொடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது யார் தெரியுமா? நாங்கள். இதை எந்த ஊர்க்காரனும் மறுக்க முடியாது. கொடிப் படகில் இருந்தவர் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

பிறகு திரும்பணும்.

திரும்பினோம். பாய் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வந்தது. காற்று இடப்பக்கம். எஞ்சின், அதுதான் பாதுகாப்பாகப் பூட்டியிருக்கிறதே, வலப்பக்கம். படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. நாங்கள் எல்லாரும் இடப்பக்க விளிம்பில் தொங்கினோம். தொங்கியும் போதவில்லை. பிலோமி மறுபடி பழைய பக்கமே திருப்பினாள், படகு நிமிர்ந்தது. நிமிர்ந்து, கரைக்கு எதிர்த்திசையில் அழகாகப் போயிற்று. மறுபடி திருப்பினாள், மறுபடி தண்ணீர்.

"இந்தப் படகு ஒத்தப் பக்கமாத்தான் போகும் போல" என்றாள் சித்தி மகள் அமலி. "அப்படியே போனா இலங்கை. அங்க போயி பேசு உன் தமிழை."

மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து, கொடியைச் சுற்றி, எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போயின. பிலோமி பாயை இறக்கச் சொன்னாள். "எஞ்சினை எடு. போட்டி கெடக்கட்டும், கரைக்குப் போகணும்" என்றாள். பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கரையைப் பார்த்தேன்.

ஆபத்துக்கு உதவத்தான் எஞ்சின், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவி எங்கே இருக்கணும் என்று அந்த விதியில் ஒரு சொல் இருக்கிறதா? விதி எழுதியவன் பிழை. இதை அங்கேயே சொன்னேன். பிலோமி வெட்டுக்கத்தியை எடுத்தாள். நான் அமலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் குறுக்குப் பலகையை வெட்டினாள் அக்கா. அவள் அப்பா போட்ட பலகையாம். வெட்டி, பலகைத் துண்டோடும் சங்கிலியோடும் எஞ்சினைப் பின்னால் மாட்டி, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள். எஞ்சின் இருமியது. ஆயில் கக்கியது. அவ்வளவுதான். கொஞ்சமாகப் புரட்டியதில் அது இப்படிக் கோபித்துக்கொள்ளும் என்று யார் கண்டார்?

மறுபடி பாயை ஏற்றலாமென்றால், பாய்மரத்தைத் தாங்கி நின்றதே அந்தப் பலகைதானாம். கடைசியில், கடைசியாக வந்த படகு கயிறு வீசி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. மேளம் நின்றுவிட்டது. சம்மாட்டி தண்ணீருக்குள் இறங்கி வந்து பிலோமியின் கையைப் பிடித்து இறக்கினார். என்னிடம் சாவியைக் கொடுத்தார். 'போட்டியை முடிக்கவில்லை' என்று அறிவித்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் கேட்கிறேன். எங்களை இழுத்து வந்த படகு எதனால் வந்தது? பாயால். அப்படியென்றால் நாங்களும் பாயால்தானே வந்தோம்? எங்கள் பாயால் வரணும் என்று விதியில் இருக்கிறதா? எஞ்சினை இயக்கினோமா? இல்லை. இயங்கவே இல்லை, அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கொடியைச் சுற்றினோமா? எத்தனை முறை சுற்றினோம் என்று எனக்கே தெரியாது. ஒழுங்காகப் போனோம், முதலில் போனோம். கரைக்கு வந்தோம்.

நியாயப்படி எங்களுக்கு அந்தக் கடைசி இடமாவது உண்டு. அதனால்தான் எஞ்சினை எடுத்துக்கொண்டு போகிறேன். பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் துறை இருக்கிறது. 'இந்த எஞ்சின் சம்பவ தினத்தில் ஓடவில்லை' என்று அவர்களிடம் எழுதி வாங்கணும். பூட்டு, சங்கிலி, பலகை எதையும் கழற்றவில்லை. சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது பாருங்க. பிலோமியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அவள் அவங்க அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். "உனக்காகப் போராடப் போறேண்டி" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. உம் என்றும் சொல்லவில்லை. நைட்டி துணிக்கொடியில் கிடந்தது, எடுத்துச் சுற்றிக்கொண்டேன்.

இருங்க. அவள்தான் கூப்பிடுகிறாள். பரமக்குடி தாண்டினால் சிக்னல் இருக்காது, பேசிவிடுகிறேன்.

சொல்லுடி. இப்பத்தான் ஒரு அக்காகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன், அவங்களும் நம்ம பக்கம்தான்... பத்திரமா இருக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கு... டார்வின் எதுக்குக் கத்துறான்? நாளைக்கு நண்டு வலைன்னா நாளைக்குத்தானே... என்னது? கமிட்டியா? நெசமாவா? பிலோமி, நெசமாவா? வருசா வருசம்? ஐயோ, அக்கா, கொடுத்துட்டாங்களாம்! அடுத்த வருடத்திலிருந்து பெண்களுக்கு ஒரு படகு! நான் சொன்னேன்ல? பேசினா நடக்கும்னு சொன்னேன்ல? என்ன சொல்லி ஒத்துக்கிட்டாரு சம்மாட்டி, அந்தப் பாய் வாதத்தையா? ...ம். ...கொடிக்கு முதல்ல போனதுக்கா. சரி, எதுக்கோ. ...புது விதியா? ஒரு வரிதானா? படி. மெதுவா படி.

ம்.

இன்னொரு தரம் படி.

...யாருடி எழுதுனது?

சரி. வைக்கிறேன்.

ஒன்றும் இல்லை அக்கா. புது விதி ஒன்று சேர்த்திருக்கிறார்கள். 'பெண்கள் படகிலோ, அது கரையில் நிற்கும்போது அதன் அருகிலோ, போட்டி நாளிலும் அதற்கு முந்தின நாளிலும், எந்த வேலைக்காகவும், யார் அழைத்தாலும், சங்கமித்திரை என்னும் சங்கு இருக்கக் கூடாது.'

நானும் மூன்று தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'ஏறக் கூடாது' என்று போட்டிருந்தால் ஒரு வழி இருந்தது. 'இருக்கக் கூடாது' என்று போட்டிருக்கிறது. 'யார் அழைத்தாலும்' வேறு. ஓர் ஓட்டை இல்லை. ஒரு சொல்லுக்குக்கூட இரண்டாவது அர்த்தம் இல்லை.

யார் எழுதியது என்று கேட்டேனே, காதில் விழவில்லையா? "நான்தான்" என்றாள் பிலோமி.

போன வருடம்வரை அவளுக்கு லீவ் லெட்டர்கூட ஒழுங்காக எழுத வராது அக்கா. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது நான்தான். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாள், பாருங்க.